சேறு வந்த ஊர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

என் பெயர் மலையாண்டி. வயது அறுபத்தாறு. திண்டுக்கல்லில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் கழுவினேன். இன்று முதல் கழுவ மாட்டேன்.

மேலே உள்ளதை எழுத இருபது நிமிஷம் ஆனது. ஒரு அடித்தல்கூட இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய். பழனி

நேற்று கை வலித்துவிட்டது. இன்று விவரமாக எழுதுகிறேன்.

இது கம்பெனி நோட்டு. ஷெட் வாசலில் வைத்து எழுதுவது. வண்டி எண், வந்த நேரம், போன நேரம், குறிப்பு என்று பக்கத்துக்கு நான்கு கட்டம். எழுதிப் பழக எனக்குக் கொடுத்தார்கள். கையோடு கொண்டுவந்துவிட்டேன். கேட்டால் கொடுப்பேன். இதுவரை கேட்கவில்லை.

ஷெட்டில் வண்டி கழுவ மிஷின் வந்துவிட்டது. மூன்று பெரிய பிரஷ் சுற்றுகிறது. பத்து நிமிஷத்தில் ஒரு வண்டி. ஆனால் என்னை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. அதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். மேனேஜர் பாலகுரு கூப்பிட்டார்.

"மலையாண்டி, இனிமே நீ கேட்டுல நாற்காலி போட்டு உக்காரு. அதே சம்பளம். வண்டி வந்தா எழுது, போனா எழுது. குனிய வேண்டாம், நனைய வேண்டாம். சாகுற வரைக்கும் உன் சீட்டு."

எனக்கு எழுதத் தெரியாது என்றேன். ஆபீஸில் வேலை பார்க்கும் ரெஜினாவைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். நான்கு மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். ரெஜினா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே "இன்னொரு தடவை" என்பாள். அவ்வளவுதான் பாடம்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுதத்தான் எனக்கு எழுத்துக் கொடுத்தார்கள். நான் முதலில் படித்தது பஸ் போர்டு.

அதுவரை வண்டிகளை நசுங்கலையும் சேற்றையும் வைத்துத்தான் அடையாளம் தெரியும். பழனி வண்டியில் சீட்டு முதுகெல்லாம் சந்தனம் அப்பியிருக்கும், மொட்டைத் தலைகள் சாய்ந்து வந்தது. கொடைக்கானல் வண்டியில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி. போடி வண்டிக்கு ஏலக்காய் வாசனை. கோவில்பட்டிக் கரிசல் டயரில் ஒட்டினால் கம்பியால் சுரண்ட வேண்டும். இத்தனை ஊரையும் நான் சேறாகத்தான் பார்த்திருக்கிறேன். போர்டைப் படித்ததும் ஒவ்வொரு சேற்றுக்கும் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்த பிறகு எப்படி உட்காருவது?

மேனேஜரிடம் போய் வேலை வேண்டாம் என்றேன். சிரித்தார். "ஒரு மாசம் சுத்திட்டு வா. செப்டம்பர் ஒண்ணாம் தேதி காலையில நாற்காலியில இருக்கணும். இல்லைன்னா வேற ஆளு. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். வந்து நிற்க மாட்டேன் என்றேன். மறுபடியும் சிரித்தார்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் செவுகன் இருந்தார். இப்போது இல்லை. நான் கிளம்பியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்று வரும்போது முன் சீட்டில் ஒரு மொட்டைக் குடும்பம். குழந்தை ஜன்னல் கண்ணாடியில் தலையைத் தேய்த்தது. சந்தனம். துண்டால் துடைத்தேன்.

கண்டக்டர், "பெருசு, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான்.

"கண்ணை உறுத்துதுப்பா."

இது கழுவியதில் சேராது.

ஆகஸ்ட் 9, சனி. கொடைக்கானல்

முப்பத்தெட்டு வருஷமாக இந்த வண்டியில் வாந்தி எடுத்தவர்களை எல்லாம் திட்டியிருக்கிறேன். ஒரு கவர் பிடிக்கத் தெரியாதா, தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டக் கூடாதா என்று.

மூன்றாவது வளைவில் நானும் எடுத்தேன். கவர் பிடிக்க நேரம் கிடைக்காது. தலையை நீட்டினாலும் காற்று திருப்பி அடிக்கிறது. இது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. நான் திட்டிய எல்லோரிடமும் இங்கே மன்னிப்பு எழுதிவைக்கிறேன்.

மேலே வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி என் ஜன்னலுக்குக் கீழே ஊற்றினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஐயா, விடுங்க. கீழே ஷெட்டுல ஒரு ஆளு கழுவுவான்" என்றார்.

"அந்த ஆளு வேலைய விட்டுட்டான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

குளிர் நன்றாக இருக்கிறது. மேகம் காலுக்குக் கீழே போகிறது. இந்த வண்டி வரும்போது கண்ணாடியில் ஈரம் இருக்கும். மழை என்று நினைத்திருந்தேன். மழை இல்லை, இதுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறுகிறது. ஈரத்தில் நிற்காமல் இருந்தால் ஆறுமாம்! முப்பது வருஷம் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

ஆகஸ்ட் 16, சனி. போடி

ஏலக்காய் ஏலம் நடக்கும் தெருவில் நடந்தேன். சும்மா மூச்சு விட்டாலே பாயசம் குடித்த மாதிரி இருக்கிறது. ஒருவர் "என்ன வேணும்?" என்றார். "ஒண்ணும் வேண்டாம், மூச்சு விட வந்தேன்" என்றேன். ஒரு காயை உள்ளங்கையில் வைத்தார்.

மகள் பஞ்சவர்ணம் போன் செய்தாள். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். இருந்தேன். மருமகன் தவமணி அதே கம்பெனியில் கண்டக்டர்.

"எங்கப்பா இருக்கே?"

"போடி."

"சாப்பிட்டியா? எங்க தூங்குறே? எப்ப வர்றே?"

ஒரே மூச்சில் மூன்று கேள்வி. முதல் இரண்டுக்குப் பதில் சொன்னேன்.

"ஊரே சிரிக்குதுப்பா. உக்கார்ந்த எடத்துல சோறு போடுறேங்கிறாங்க. எங்களைக் கேட்டுட்டா ஓடுனே?"

நான் ஓடவில்லை, பஸ்ஸில்தான் வந்தேன் என்றேன். அழுதாள். சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளை தொண்டி. அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

எங்கள் தொண்டி வண்டி சாயங்காலம் அந்த ஊருக்குப் போய், ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் கிளம்பிப் பதினொரு மணிக்குத் திண்டுக்கல் வரும். நூற்றைம்பது கிலோமீட்டர். மழைக்காலத்தில்கூடப் பாதிச் சேறுதான் இருக்கும். உள்ளே மீன் வாசனை, வெளியே சுத்தம். தகரத்தில் வெள்ளையாக மெல்லிய பூச்சு, திருநீறு பூசிய மாதிரி. சேறே இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே தெருவெல்லாம் வெள்ளை மணல், காற்றே வண்டியைத் துடைத்துவிடுகிறது என்று நான் முடிவு செய்திருந்தேன். புது ஆட்களுக்கும் சொல்வேன். யாரும் மறுத்ததில்லை, யாரும் போனதும் இல்லை.

மதுரை வழியாகப் போகிறேன். திண்டுக்கல்லில் இறங்கிவிடுவேன் என்ற பயத்தினால் அல்ல. அதுதான் பக்கம்.

ஆகஸ்ட் 20, புதன். தொண்டி

சேறு இருக்கிறது. சாக்கடை இருக்கிறது. மீன் செதில், நாய், காக்கை, எல்லாம் இருக்கிறது. நம் ஊர் மாதிரியே ஒரு ஊர்.

சாயங்காலம் எங்கள் வண்டி வந்தது. நான் மறைந்து நின்றேன். பின் சக்கரம் வரை சேறு. மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் காலிக் கூடைகளை இறக்கினார்கள். அந்த நாற்றத்தோடு வண்டியை ஒரு இடியாப்பக் கடை எதிரே நிறுத்திவிட்டு டிரைவர் போய்விட்டார்.

மனசு சரியில்லை. கடலைக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று நடந்ததை நான்கு தடவையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிகிற நேரம் டீ குடிக்கப் போனேன். எங்கள் வண்டியை ஒரு பெண் கழுவிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகி, தென்னைமட்டையால் தேய்த்து, குடத்திலிருந்து தண்ணீரை வீசினாள். வீச்சு நல்ல வீச்சு. மேலிருந்து கீழே. அப்படித்தான் வீச வேண்டும்.

"ஏம்மா, இந்த வண்டிய நீ எதுக்குக் கழுவுறே?"

"எங் கடைக்கு முன்னால நிக்கிது. இந்த நாத்தத்துல எவன் உக்கார்ந்து இடியாப்பம் திம்பான்?"

"எத்தனை நாளா?"

"இருவது வருசமா. நீங்க யாரு, கம்பெனி ஆளா?"

குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. வெள்ளைப் பூச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உப்புத்தண்ணிய ஊத்துறியே, தகரம் என்னத்துக்கு ஆகும்? ஓரமெல்லாம் துருப்பிடிச்சு, வருசத்துக்கு ரெண்டு தடவை ஒட்டுப்போடுறோம். கடக்காத்து பண்றதுன்னு இருந்தேன், நீதானா?"

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப அங்கன கழுவுறது நீங்கதானா?"

"ஆமா."

"பின்பக்கம் கடைசிப் படிக்கு அடியில கழுவவே மாட்டீங்களே, அந்த ஆளு?"

நான் கடைசிப் படியைப் பார்த்தேன்.

"இருவது வருசமா நான்ல சுரண்டுறேன்! எந்தச் சோம்பேறின்னு நெனைப்பேன். வெத்தல எச்சியும் மீன் செதிலும் அங்கனதான் அடையும். குனிஞ்சு பாக்க மாட்டாகளோ?"

"முழங்கால் வலி" என்றேன்.

"எனக்கு மட்டும் முழங்கால் இல்லையோ?"

கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் என் வேலையை இவ்வளவு உற்றுப் பார்த்தவர் யாரும் இல்லை. மேனேஜர்கூடப் பார்த்ததில்லை.

அவள் பெயர் ஜெபமாலை. திட்டி முடித்துவிட்டு நாலு இடியாப்பம் வைத்தாள். தேங்காய்ப்பால் கெட்டியாக இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கடல் பார்த்தேன். இதை யாரும் கழுவ வேண்டாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குழாயில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது. அதில் ஆறு குடம் பிடித்து, வண்டிக்குக் கடைசியாக ஊற்ற ஒதுக்கி வைக்கலாம் என்று ஜெபமாலைக்குச் சொன்னேன். உப்பு நிற்காது. "குடிக்கிற தண்ணிய பஸ்ஸுக்கா ஊத்துவாக?" என்றாள். பிறகு மூன்று குடத்துக்கு ஒப்புக்கொண்டாள்.

நான் கழுவவில்லை. குடம் தூக்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

ஜெபமாலை கேட்டாள். "நெசமாச் சொல்லுங்கண்ணே. உக்கார்ந்து சம்பளம் வாங்குற வேலைய எவனும் விடுவானா? என்ன நடந்துச்சு?"

ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கேட்கவில்லை. சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பங்குனி மாதம். மத்தியானம் இரண்டு மணி. நான் நத்தம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருபது அடி தள்ளி வாசலில் செவுகன் நாற்காலியில் இருந்தார். மடியில் நோட்டு. நான் பேசிக்கொண்டே கழுவினேன். வெயிலைப் பற்றி, பேத்திக்குக் காது குத்துவதைப் பற்றி. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். முன்பக்கம் முடித்து, இடது பக்கம் முடித்து, பின்பக்கம் முடித்தேன். கரூர் வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. செவுகன் எழுந்திருக்கவில்லை. மூன்று தடவை அடித்தது.

நான் அரை மணி நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நோட்டில் நத்தம் வண்டி எண்ணை எழுதியிருந்தார். வந்த நேரமும் எழுதியிருந்தார். அதற்கு மேல் பேனா போகவில்லை. இதை அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை, ரெஜினா படித்துச் சொன்னாள். பதினொரு வருஷம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் எழுதிய வண்டி எதிலும் அவர் ஏறிப் போனதில்லை. மறுநாள் நாற்காலியைக் கழுவி வைக்கச் சொன்னார்கள். நான்தான் கழுவினேன்.

அடுத்த வாரம் என்னை அதில் உட்காரச் சொன்னார்கள்.

ஜெபமாலை துருவுவதை நிறுத்திவிட்டாள். "அதுக்குப் பயந்துதான் வந்தீகளாக்கும்."

"பயமெல்லாம் இல்ல."

"சரி, பயமில்ல. டீயக் குடிங்க."

ஆகஸ்ட் 29, வெள்ளி

பஞ்சவர்ணம் காலையில் மூன்று தடவை, மத்தியானம் இரண்டு தடவை போன் செய்தாள். வர மாட்டேன் என்று ஐந்து தடவை சொன்னேன். ஆறாவது தடவை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

சாயங்காலம் எங்கள் வண்டி வந்தது. பஞ்சவர்ணம் இறங்கினாள். கையில் துணிக்கடைப் பை. பின்னால் தவமணி. இந்த வாரம் தொண்டி டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறார். என்னைப் பார்த்துக் கண்ணால் 'நான் ஒன்றும் செய்யவில்லை மாமா' என்றார்.

"காலையில இந்த வண்டியில ஏறுறே. அவ்வளவுதான்" என்றாள். பையில் கேட்டில் போட வேண்டிய காக்கிச் சட்டை, இஸ்திரி போட்டது. விசில் வேறு.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட வரலை."

ஜெபமாலை ஒரு தட்டை நீட்டினாள். "கோவத்த எறக்கி வச்சுட்டுத் தின்னு தாயி. அப்புறமா எடுத்துக்கிரலாம்." பஞ்சவர்ணம் ஆறு இடியாப்பம் சாப்பிட்டாள். பிறகு மறுபடியும் கோபம்.

"மேனேஜர் தினம் கேக்குறாரு. என்னத்தச் சொல்ல? உனக்கு மஞ்சக்காமாலை, பத்தியத்துல கெடக்குறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தவமணி, "கீழாநெல்லி பறிச்சுக் குடுத்துவிட்டாருங்க மாமா" என்றார். "ரெண்டு நாளா நான்தான் குடிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. பஞ்சவர்ணம் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பல்லாம் உனக்கு ராத்திரி வேலை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பறப்ப நீ தூங்கிட்டிருப்பே. திரும்பி வந்தா ஷெட்டுக்குக் கெளம்பிட்டிருப்பே. எங்கப்பா எப்படி இருப்பாருன்னா, போர்வையா இருப்பாரு. இப்பதான் ஒரு எடத்துல உக்காரப் போறே, சாயங்காலம் கேட்டுக்கு டீ கொண்டாந்து குடுத்துட்டு ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஊரைப் பார்க்கப் போயிட்டே. என்னை எப்பப்பா பார்ப்பே?"

இந்த நோட்டைக் கொடுத்தேன். "படி" என்றேன்.

கடை விளக்கில் நின்றபடியே படித்தாள். நான் இருபத்தாறு நாள் எழுதியதை அவள் ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிட்டாள். கொடைக்கானலில் சிரித்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றாள்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?"

"எழுதியிருக்கேனே."

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜெபமாலை வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டாள். சட்டைப் பை என் பக்கத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடியுமுன் எழுந்து போனேன். ஜெபமாலை வண்டி கழுவிக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் அவளுக்குக் குடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் ஏறினார். மீன் கூடைகள் ஏறின. தவமணி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். நான் பையை எடுத்துப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினேன்.

"நான் ஏற மாட்டேம்மா. நீ அழுதாலும் ஏற மாட்டேன். உன்னைப் பார்க்கணும்னா வீட்டுல பார்க்கிறேன், ரோட்டுல பார்க்கிறேன். அந்த நாற்காலியில உக்கார்ந்து பார்க்க மாட்டேன்."

பையை நீட்டியபடியே நின்றேன்.

அவள் பையை வாங்கிக்கொண்டாள். போனை எடுத்தாள். அந்த நேரம் மேனேஜர் ஷெட்டில்தான் இருப்பார். ஊரே கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"சார், பஞ்சவர்ணம் பேசுறேன். மலையாண்டி மக... இல்ல சார், மஞ்சக்காமாலையெல்லாம் ஒண்ணுமில்ல. அது நான் சொன்ன பொய்யி. எங்கப்பா நல்லா இருக்காரு. ரொம்ப நல்லா இருக்காரு. அதனாலதான் வரமாட்டாரு. நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

அவர் என்னவோ கேட்டார். "அதையெல்லாம் அவரு வரப்ப அவருகிட்டயே கேளுங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

தவமணி ஊதினார். வண்டி நகர்ந்தது. அவள் ஓடிப் போய்ப் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் எந்த ஊர்ல இருக்கேன்னு போன் பண்ணு. ஞாயித்துக்கிழமை வருவேன். கூட்டிட்டுப் போக இல்ல, பார்க்கத்தான்! நல்ல ஊரா இருக்கணும்!"

வண்டி வளைவில் திரும்பும்வரை நின்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஆறரை. கடற்கரை ரோட்டில் வடக்கே போகும் வண்டியில் ஏறியாயிற்று. ஜன்னலோர சீட்டு. போர்டில் மீமிசல் என்று போட்டிருந்தது. அதற்கு மேலே எந்தெந்த ஊர் என்று கண்டக்டரிடம் கேட்டேன். சொல்லிக்கொண்டே போனார், நிறைய இருக்கிறது. எங்கே இறங்கணும் பெரியவரே என்றார். பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பஞ்சவர்ணத்துக்குக் காட்டுகிற மாதிரி ஒரு ஊர் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு நாள் இருக்கிறது.